வலப்பக்கத்து மரை

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
மிக்ஸி ஜார்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
படுத்துக் கிடந்தது.
ஆட்டுக்கிடாக் கொம்பாய் வளைந்த ஹேண்டில்பார்,
என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத குழாய்கள்.
எடைக்குப் போட்டாலே எழுநூறு தேறும், என்றான்.
எண்ணூறு கொடுத்துத் தூக்கினேன், ஒரே கையால்.
அங்கேதான் ஏமாந்தேன்,
கனமில்லாதது வேலை வைக்காது என்று.

உப்பு எனக்குப் பழக்கம்.
தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில்
உப்புத்தண்ணீர்த் தொட்டிமேல் பதினோரு வருஷமாக நடக்கிறேன்.
இரும்பை அது தின்னும் விதம் தெரியும்:
முதலில் பெயின்ட்டுக்குக் கீழே ஒரு கொப்புளம்,
குத்திப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்காது.
இதன் நீலத்தில் ஒன்பது கொப்புளம்.
ஒன்பதிலும் ஆள் இருந்தது.

பெடல் அச்சு உட்காரும் கிண்ணம், வலது பக்கம்.
அது இடமரை.
முதலியார்பேட்டையில் பஞ்சர் ஒட்டும் பொடியனுக்கும் தெரியும்.
அப்படித்தான் சுற்றினேன்.
மண்ணெண்ணெய் விட்டேன், கொதிதண்ணீர் விட்டேன்,
ஸ்பேனர் வாலில் ஆளுயரக் குழாய் மாட்டித் தொங்கினேன்,
மூன்று இரவு.

மூன்றாம் இரவு மாடியிலிருந்து தேசிங்கு இறங்கி வந்தான்.
தண்ணீர் மோட்டார் கரண்ட் பில் தகராறு,
தை மாசத்திலிருந்து பேச்சு கிடையாது.
இப்போதும் பேசவில்லை, கத்தினான்.
மணி பன்னிரண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல்,
அந்தச் சுத்தியலை உன் மண்டையில் போட்டுக்கொள்.
பிறகு வண்டியைப் பார்த்தான்.
பிறகு சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து
முழங்கால்களுக்கு நடுவே அதை இறுக்கிக்கொண்டு
ம், என்றான்.

இரண்டு பேர் பலத்துக்கும் அது அசையவில்லை.
படியில் நின்றிருந்தாள் ஜெயக்கொடி,
தோளில் பிள்ளை.
அந்தப் பக்கமே சுத்துறீங்களே,
இந்தப் பக்கம் சுத்தினாத்தான் என்ன?

பிரெஞ்சுக்காரன் செய்த வண்டி.
இரண்டு பக்கமும் வலமரை.
மூன்று நாளாக நான் கழற்றியதெல்லாம்
முறுக்கியது.

டக், என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை சிரித்தது,
பல்லியைப் பார்த்து.

சீட் கம்பி அலுமினியம், குழாய் எஃகு.
எத்தனை மழைக்காலமோ, ஒட்டி ஒரே உடம்பாகியிருந்தது.
கம்பெனியிலிருந்து அமோனியா ஒரு பாட்டில் கொண்டுவந்து
வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி உள்ளே ஊற்றினேன்.
தெருவுக்கே கண் எரிந்தது.
மேலே ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது,
படியில் கால் சத்தம் கேட்கவில்லை.
ஐந்தாம் நாள் முனகிக்கொண்டே வெளியே வந்தது கம்பி:
மேல்பாதி சாம்பல்,
கீழ்ப்பாதி கடையில் வாங்கிய அன்றைய பளபளப்பு,
நடுவே ஒரு கோடு.
யாரோ ஒருவரின் கால் நீளம்,
என்னைவிட நாலு விரல் உயரம்.
தேய்த்துவிடலாம் என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.
எடுத்து, கீழே வைத்து,
கம்பியை நாலு விரல் இறக்கினேன்.
கோடு இப்போது குழாய்க்குள்.

புதுப் பெயின்ட் அடிக்கவில்லை.
குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி
எல்லா மூலைக்கும் ஓடும்படி கவிழ்த்து, சாய்த்து, மல்லாத்தி
ஒரு ராத்திரி போனது.

போன மாசம் கரண்ட் பில்லை முழுசாக
என் கதவிடுக்கில் செருகியிருந்தான் தேசிங்கு.
இந்த மாசம் பென்சிலில் எழுதியிருக்கிறான்:
முக்கால்.

முதல் ஓட்டம் கடலூர்ப் பக்கம்.
கன்னியக்கோவில்வரை எதிர்க்காற்று.
முள்ளோடை தாண்டியதும் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.
பாண்டியிலிருந்து வருகிறவன்
குழாய்க்குள் ஒன்றும் வைக்காமலா வருவான்?
ஏட்டு குனிந்து முகர்ந்தார்.
எண்ணெய் சார், என்றேன்.
லத்தியால் குறுக்குக் குழாயில் ஒரு தட்டு.

ணங்ங்ங்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது.
இன்னொரு தரம் தட்டினார்,
இந்தத் தரம் மெதுவாக.