ஒன்பது எட்டு

தெலுக் பிளாங்கா, பதினான்காம் மாடி.
ஆகஸ்ட் மாதம். தாழ்வாரக் கம்பியில்
வீட்டுக்கு ஒரு கொடி.
இரவு வேலை முடிந்து வந்து
குணாளன் உறங்குகிறான்.

எங்கள் வாசலில் நின்று
கைப்பேசியில் துறைமுகத்தை ஒருமுறை எடுத்தேன்.
பிறகு வலப்பக்கம் நடந்தேன்,
ரொஹாயா மக்சிக்கின் பாண்டான் தொட்டி வரை.
ஒன்பது எட்டு.
அங்கிருந்து இன்னொருமுறை.

மனிதக் கண்களுக்கு நடுவே
நாலு விரல் அகலம்கூட வராது.
அதில் மூக்கு போக மிச்சமுள்ள இடத்தில்தான்
உலகின் ஆழம் மொத்தமும் குடியிருக்கிறது.
இடக்கண் ஒன்று சொல்லும்.
வலக்கண் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லும்.
மூளை இரண்டு பேரையும் நம்பி,
அந்தப் பொருந்தாமைக்குத்
தொலைவு என்று பெயர் வைத்துவிடும்.

இன்று என் கண்களுக்கு நடுவே ஒன்பது எட்டு.
அரக்கியின் முகம் எனக்கு.

கணினியில்
இடது படத்தைச் சிவப்பில் கரைத்தேன்,
வலதைப் பச்சையும் நீலமும் கலந்த கடல்நிறத்தில்.
ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும்
ஓரங்களெல்லாம் கசிந்தன,
அச்சகத்தில் தாள் நகர்ந்துபோன நாள்காட்டி போல.

முதலில் வண்ணத்தோடு விட்டுப் பார்த்தேன்.
கொடிகள் சண்டைக்கு வந்தன.
ஒரு கண்ணில் வெளுத்து மறுகண்ணில் கறுத்து
எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் மினுங்கிக்கொண்டே இருந்தன.
நாடு மன்னிக்கட்டும்,
எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கினேன்.

பத்துக் காசு பெறாத அட்டைக் கண்ணாடி.
சிவப்புத் தாள் சிவப்பை மட்டும் உள்ளே விடும்,
மற்றது வாசலிலேயே இருண்டு நிற்கும்.
எந்தக் கண்ணுக்கு எந்தப் படம் என்பதில்
கறாரான தபால்காரர்.

ஒரு மூச்சு.
இன்னொரு மூச்சு.
கண்கள் தடுமாறி, சட்டென்று
திரை குழிந்தது.
பாரந்தூக்கிகள் ஒன்றின்பின் ஒன்றாய் விலகி நின்றன.
கொள்கலன்கள் தீப்பெட்டிகள்.
கப்பலைக் குளியல் தொட்டியில் விடலாம்.
கண்ணிடைவெளி தொண்ணூறு மடங்கானால்
உலகம் தொண்ணூறில் ஒன்று.
கணக்கில் ஒளிவுமறைவு இல்லை.

ஆனால் நான் நடந்த அந்த நேரத்துக்குள்
ஓர் இழுவைப்படகு நகர்ந்துவிட்டிருந்தது.
தண்ணீர்மேலும் இல்லை, அடியிலும் இல்லை,
நடுவில் எங்கோ தொங்கியது.
போன காலத்தை
கண் தொலைவு என்று எண்ணிக்கொண்டது.

அப்புறம் எங்கள் துணிக்கழி.
கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்
படத்தின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று.
குணாளனின் வேலைச் சட்டை
இரண்டு இடத்தில் காய்ந்தது.
எட்டாததெல்லாம் சேர்ந்துவிட்டது அரக்கிக்கு.
எட்டுவது சேரவில்லை.

நாலு மணிக்கு எழுந்தான்.
"என்ன கண்ணாடி இது?"
வாங்கி மாட்டிக்கொண்டான்.

துவாஸில், சாணைச் சக்கரத்தின் ஒரு பொறி
அவன் வலக்கண்ணை எடுத்து ஆறு வருடம்.
நான் மறந்தே போயிருந்தேன்,
நம்புவீர்களா,
காலையிலிருந்து.

"சிவப்பா இருக்கு," என்றான்.
"எல்லாம் தட்டையா இருக்கு."

காப்பி ஊற்றும்போது
கெண்டி மூக்கைக் கோப்பை விளிம்பில் தொடவைத்துத்தான் ஊற்றுவான்.
படியிறங்கும் முன்
தலையை இடமும் வலமும் ஒரு நூல் அசைப்பான்.
வயசின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை கேமரா வெச்சே?"
"ஒண்ணுதான். நடந்து போய் எடுத்தேன்."
"அப்ப அதுக்கும் ஒத்தைக் கண்ணு."

கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு
வெளியே போனான்.
வாசலில் நின்றான்.
பிறகு கடலைவிட்டுக் கண்ணெடுக்காமல்
பாண்டான் தொட்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

நான் எண்ணவில்லை.
அவன் எட்டு கொஞ்சம் நீளம்.