பன்னிரண்டு வோல்ட்

ஏற்காடு ஏரியைத் தாண்டி, தாரும் முடிந்து,
காப்பித் தோட்டத்தின் விளிம்பில்
பழைய டெம்போ டிராவலர்.
பின்சக்கரத்துக்கு ஹெப்சிபா கல் வைத்தாள்.

இருபது லிட்டர் கேன் இரண்டு.
ஒன்று குடிக்க, சமைக்க.
மற்றது எதற்கென்று
கொண்டையூசி வளைவு எட்டிலிருந்து தகராறு.
தலைக்கு ஊற்ற என்கிறாள்.
நான் எச்சில் தட்டுகளைக் காட்டுகிறேன்.

ஒன்பது மணி. பேட்டரி 12.1.
ஒரே விளக்கு, அதன்மேலும் துண்டு,
பூச்சிக்குப் பயந்து.

கீழே சேலம்.
அஸ்தம்பட்டி எது, ஜங்ஷன் எது என்று
இருட்டில் விரல் நீட்டிச் சண்டை.
வீட்டு மோட்டாரை அணைத்தோமா என்பதில் மட்டும்
இருவரும் வாய் திறக்கவில்லை.
மொட்டைமாடித் தொட்டி
மத்தியானத்திலிருந்து
தெருவெல்லாம் வழிந்துகொண்டிருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து
யாரோ பாய் சுருட்டுவதுபோல
ஊர் அணைந்தது.
ஜங்ஷன் கடைசியாக.

வெகுநேரம் சில்வண்டுகள்.

"மோட்டார் நின்றிருக்கும்" என்றாள்.

சிரித்தோமா, தெரியவில்லை.
எழுந்துபோய்
விளக்கின் மேலிருந்த துண்டை எடுத்தாள்.
மலையில் அது எவ்வளவு தெரியும்?
மாடிக்கு வந்து நிற்கிற யாருக்காவது
ஒரு கடுகளவு.

பிறகு, தலைக்கு ஊற்ற வைத்த கேனைச் சாய்த்து
இரண்டு டம்ளர் அளந்து
டீக்கு வைத்தாள்.