ஏழாவது மைல் மதகு

ரயில் நின்றபின் தண்டவாளத்தைக் கழற்றி
எடைக்குப் போட்டார்கள்.
மிஞ்சியது ஒரு மேடு,
கரித்தூள் படிந்த சரளை,
இரு பக்கமும் ஆல்டர் புதர்,
எங்கே கிளம்பினோம் என்பதை மறந்துவிட்ட
ஒரு நேர்கோடு.
நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில்
கடலை எட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி காட்டுக்குள் போகும் கோடு.

அதை நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் பாதையாக்க
நாங்கள் பதினொரு பேர்.
வியாழன்தோறும், ஏப்ரல் சேறு தொடங்கி
நவம்பரில் மண் இறுகும்வரை.
எல்டனிடம் டிராக்டர்.
முர்டீனாவிடம் சாவிக்கொத்து, கணக்கு நோட்டு, கோபம்.
என்னிடம் ஒரு மண்வெட்டியும்
மீன் ஆலை மூடியதில் கிடைத்த நேரமும்.

ஆற்றுக்கல் உருண்டை, படுக்காது,
சக்கரத்தடியில் நழுவி ஓடும்.
குவாரியில் உடைத்த கூர்க்கல்தான்
ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.
நடுவே ஒரு விரற்கடை உயர்த்தி
இருபுறமும் சரித்துவிட வேண்டும்.
தண்ணீருக்கு வழிவிட்டால் பாதை நிற்கும் என்று
எல்டன் வாராவாரம் சொல்வார்.
வாராவாரம் யாரும் பதில் சொல்வதில்லை.

பீவருக்கு வேறு கருத்து.

ஏழாவது மைலில் ஒரு மதகு.
இடுப்பளவு ரப்பர் உடுப்பில் இறங்கி
குச்சியும் சேறுமாய் நாங்கள் பகலில் பிடுங்குவோம்.
இரவில் அது கட்டும்.
அடுத்த வியாழன் போய்ப் பார்த்தால்
நாங்கள் வெட்டி எறிந்த ஆல்டர் கிளைகளே
அணையில் கச்சிதமாய்ச் செருகியிருக்கும்.
வருகைப் பதிவில் அதன் பெயரையும் எழுதலாம் என்றேன்.
முர்டீனா சிரிக்கவில்லை.

செப்டம்பரில் புயல்.
அடைபட்ட மதகின்மேல் குளம் ஏறி வந்தது.
விடிந்தபோது நாற்பது அடிப் பாதை
சதுப்புக்குள் இறங்கியிருந்தது.
மூன்று கோடைகளின் சரளை.
அந்தப் பக்கம் குதிரையோடு கிஸ்லென்,
இந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள்.
சாணத்துக்கும் மணியோசைக்கும்
இரண்டு வருடம் கடிதம் எழுதிச் சண்டை போட்டவர்கள்
இப்போது எதிரெதிரே நின்று
பள்ளத்தைப் பார்த்தார்கள்.
இரவுப் பணி முடிந்து சைக்கிளில் வந்த தாதி மட்டும்
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
எல்லோருக்கும் சேர்த்து.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
பொறி வைக்கச் சொல்லிக் கை உயர்த்தியவர் ஆறு.
உயர்த்தாதவர் ஐந்து.
முர்டீனா எண்ணி முடிப்பதற்குள்
எல்டனின் கை தலைசொறிய இறங்கியது.
மறுபடி எண்ணச் சொன்னோம்.
காப்பி ஆறிப்போயிருந்தது.

கடைசியில் ஒரு குழாய்.
அணையை நடுவில் பிளந்து நுழைத்து
மறுமுனையை ஆழத்தில் முக்கி
கம்பிக்கூண்டு மாட்டினோம்.
ஓடும் நீரின் சத்தம்தான் அதற்கு ஆகாதாம்,
கேட்ட இடத்தை அடைக்குமாம்.
"எனக்கும் அப்படித்தான்" என்றாள் முர்டீனா,
கூட்டத்தில் அதிகம் பேசியவர்களைப் பார்த்து.

குளம் ஓரடி தாழ்ந்தது, அங்கேயே நின்றது.
அணை அதற்கு, பாதை எங்களுக்கு
என்று முடித்துவிட ஆசைதான்.
ஆனால் நேற்று ஒரு பாப்ளர்
பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது.
அடிமரம் பென்சில்போல் சீவியிருந்தது,
சீவல்கள் இன்னும் ஈரம்.

எல்டன் ரம்பத்தை இழுத்து உயிர்ப்பித்தார்.
மிரண்ட குதிரையின் கழுத்தைக் கிஸ்லென் தடவினாள்.
அந்த வழியே வந்த யாரோ ஒருவர்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
மரத்தின் மறுமுனையைத் தூக்கினார்,
பெயர் சொல்லாமல் மிதித்துப் போனார்.
பட்டை பச்சையாய் இருந்த கிளைகளைப் பொறுக்கி
முர்டீனா குளக்கரைக்கு இழுத்துப் போனாள்,
நீர் தொடும் இடத்தில் வைத்தாள்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
நோட்டைத் திறந்தாள்.

வியாழன். தூறல்.
வந்தவர்கள்: பன்னிரண்டு.