காய்ந்த தரை

தடைக்காலத்தில் ஐஸுக்கு வேலையில்லை.
மண்டபம் கரையில் விசைப்படகெல்லாம்
பெயின்ட் பூசிக்கொண்டு நிற்க,
உப்புநீர்த் தொட்டி வற்றிக் கிடக்கிறது கம்பெனியில்.
கணக்கறையில் நாலு பேர், ஒரு டிவி,
இரவு ஒன்பதுக்கு மறு ஒளிபரப்பாகும்
பழைய கோர்ட் தொடர்.

கடற்கரை பங்களா. உள்ளே தாழிட்ட அறை.
முந்திரி ஏற்றுமதிக்காரர் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறார்.
கொன்றவன் தாழைத் தூக்கி
அடியில் ஒரு துண்டு ஐஸைச் செருகிவிட்டுப் போனான்,
ஐஸ் உருகியது, தாழ் தானே விழுந்தது
என்கிறார் வக்கீல்,
அங்கியின் தோளை ஒருமுறை உதறிக்கொண்டு.
"ஆகவே, கனம் கோர்ட்டார் அவர்களே, பத்தே நிமிடம்!"

இன்னாசி சிரித்தான்.
இருபது வருஷமாய் ஐஸ் பார் தூக்கி
வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியவன்.
"பத்து நிமிசமா? துண்டு எந்த அளவுன்னு சொன்னானா?
எலுமிச்சங்காயா, தேங்காயா?"

சீனி நைனா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்:
கதவை உடைத்த சமையல்காரன்
கூண்டில் ஏறி என்ன சொன்னான்?
தரை காய்ந்திருந்தது என்றான்.
சத்தியம் செய்துதான் சொன்னான்.
"ஐப்பசி மாசம், கடலோரம்,
கைலி காய மூணு நாளாகும்.
உருகின தண்ணி எங்கே போச்சு?
நம்ம ஐஸா இருந்தா, காஞ்ச பிறகும்
வெள்ளையா ஒரு உப்புக்கறை நிக்கும்ல?"

வக்கீல் அதைக் கேட்கவில்லை.
அவருக்கு இன்னும் ஆறு நிமிடம்தான் இருக்கிறது.

நான் பேரேட்டின் பின்னட்டையில் குறித்து வருகிறேன்.
பதினேழு இரவு, பதினேழு கொலை.
முதலில் கைதானவன் ஒருநாளும் கொன்றதில்லை.
பார்வையாளர் வரிசையில் ஓரமாக,
வசனமே இல்லாமல்
நல்ல சட்டை போட்டு ஒருவனை உட்காரவைத்தால்
அவன்தான்.
ஒன்பது இருபத்தேழுக்கு எழுவான்.

எழுந்தான். செத்தவரின் அக்காள் மகன்.
"நான்தான்! நான்தான் கொன்றேன்!"

"இவனை யார்ரா கேட்டா?" என்றான் இன்னாசி.
"ஈரம் இல்ல, பாத்தவன் இல்ல,
வாய மூடிக்கிட்டு இருந்தா
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுருக்கலாம்."
"கதை எழுதினவனுக்கு நேரமாச்சு,
எழுப்பி விட்டுட்டான்" என்றார் நைனா.
வாட்ச்மேன் சாத்தையாவுக்கு இருமல் வருமட்டும் சிரிப்பு.

ராமநாதபுரம் கோர்ட்டில் எங்கள் வழக்குக்கு இது ஏழாம் வருஷம்.
அம்மோனியா கசிந்த அன்று
கம்ப்ரஸர் அறைக்குள் இருந்தது கலிங்கராசு.
முப்பத்தோரு வாய்தா.
ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை கரண்ட் இல்லை,
ஒருமுறை கட்டு வேறு பீரோவில் இருந்தது.
முதலாளி மூன்றாம் வரிசையில், நல்ல சட்டையில்,
போனில் வானிலை பார்த்துக்கொண்டிருப்பார்.
நான் கடைசி பெஞ்சில் இருந்து கடிகாரம் பார்ப்பேன்.
பதினொன்று இருபத்தேழு.
டவாலி கொட்டாவி விடுவார்.
யாரும் எழுந்ததில்லை.

கட்டில் எட்டாவது தாள் ஒரு வவுச்சர்:
பழைய வால்வை மாற்றிய வகையில்
ரூபாய் நாலாயிரத்து இருநூறு.
புது வால்வைத் தன் கண்ணால் கண்டதில்லை என்று
இன்னாசி கூண்டில் சொன்னான்.
அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்து
எழுத்து முத்துமுத்தாய் இருக்கிறது என்றார் நீதிபதி.
யார் எழுத்து என்று
எந்த வக்கீலும் கேட்கவில்லை.
தொடரில் இப்படி ஓர் ஓட்டை விட்டிருந்தால்
சீனி நைனா ரிமோட்டை எறிந்திருப்பார்.

திரையில் போலீஸ் அவனைக் கூட்டிப்போகிறது.
மற்றவர்கள் இன்னும் தரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.
நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.
நெடுநேரம் மூத்திரத்தை அடக்கி வைத்திருந்து
இறங்க இடம் கிடைத்த பஸ் பயணி மாதிரி
ஒரு முகம்.
நடிகன் நன்றாகச் செய்திருந்தான்.

எழுந்தேன்.
இரும்பு நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.
மூன்று பேரும் திரும்பினார்கள்.

டிவியை அணைக்கத்தான், என்றேன்.