மூன்றாம் எண் கூண்டு

கலிவரதன் ஆட்டோ ஓட்ட
பின்சீட்டில் நான். மடியில் பேட்டரி, கையில் மைக்.
அலுவலகம் கொடுத்த தாளை
வரி பிசகாமல் வாசிக்க
நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய்.

"தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள
ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்
மேலும் வலுப்பெறக்கூடும் என்பதால்
மீனவப் பெருமக்கள்…"

பெருமக்கள் என்று வரும்போதெல்லாம்
சோனங்குப்பத்தில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார்,
தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று.

மூன்று வருடம் இப்படியே.
என் குரல் தெருக்கோடி வரை போகும்.
வலை பொத்துகிற கை நிற்காது.

அந்த ஐப்பசியில்
மஞ்சக்குப்பம் நூலகத்தில் அரியநாயகியின் நாவல் ஒன்றை எடுத்தேன்.
பொன்னாடை, பரிசு, பாடப்புத்தகம் எல்லாம் பார்த்த பேர்.
நான் எடுத்த காரணம் வேறு:
அலமாரியில் அதுதான் ஒல்லி.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கடலுக்குப் போனவன் வரவில்லை.
அதைச் சொல்ல வேண்டிய இடத்தில்
சாவு என்று இல்லை, துயரம் என்று இல்லை,
கடலைப் பற்றி ஒரு வரி கிடையாது.
அவன் பெண்டாட்டி அரிசியை
இரண்டு ஆழாக்குக்கு ஒன்றாக அளந்து போடுகிறாள்.
கொஞ்ச நேரம் நிற்கிறாள்.
இன்னொன்றையும் அளந்து போடுகிறாள்.
அத்தியாயம் முடிந்துவிட்டது.

ஓரத்தில், எனக்கு முன்னால் படித்த யாரோ
பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
ஐயோ.

அந்த அம்மாள் எழுதாமல் விட்ட சொல்
வாசித்தவர் கையெழுத்தில் இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
வாட்ச்மேன் விளக்கை அணைக்கிறவரை.

கார்த்திகையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்தேன்.

"சிங்காரத்தோப்பு!
இன்ஜினைக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க.
ரேஷன் கார்டு, பேங்க் புக்கு
பிளாஸ்டிக் கவர்ல போட்டு இடுப்புல கட்டுங்க.
ஆடு கட்டியிருந்தா அவிழ்த்து விடுங்க.
பள்ளிக்கூடத்துல சோறு வேகுது."

கலிவரதன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
பொத்துகிற கை நின்றது.
ஊசி வலையிலேயே தொங்க
ஒருவர் எழுந்து போனார்.
பிறகு தெருவே எழுந்தது.

புயல் ஓங்கோல் பக்கம் போய்விட்டது.

இங்கே ஒரு தூறல். அதுவும் சாயங்காலம்.

அலுவலகம் கேட்டது:
வாசகத்தைத் திருத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?
அஞ்சலாட்சி கேட்டதை இங்கே எழுத முடியாது.
பிரிட்ஜை மாடி ஏற்றியதில்
அவள் மகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
ஆடு ஒன்று இன்னும் திரும்பவில்லை.

அரியநாயகியின் மிச்ச ஏழு புத்தகங்களையும் படித்தேன்.
நம்ப வைத்தபிறகு
நடக்காமல் போனால் என்ன செய்வது
என்று எங்கேயும் இல்லை.
நாவலில் புயல் சொன்ன பக்கத்தில் வந்துவிடுகிறது.
கொடுத்துவைத்தவர்.

அடுத்த கூண்டு பதினாறாம் நாள்.
அறுநூறு ரூபாய்க்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போல,
என்னையே கூப்பிட்டார்கள்.
உப்பனாறு பாலம் தாண்டும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது.
தாள் ஒரு கையில். மைக் ஒரு கையில்.
எதைச் சொன்னாலும் பொய்யாகப் படும் என்று தோன்றியது.

அஞ்சலாட்சி ஆட்டோவை மறித்தாள்.
"நிறுத்துய்யா.
இன்ஜின் கழட்டு, ஆட்ட அவிழுன்னு ஊருக்கெல்லாம் சொல்ற,
உன் ரேஷன் கார்டு எங்க இருக்கு?"

மைக் அணைக்கப்படவில்லை.
கேள்வி ஆற்றுக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது.

சட்டையைத் தூக்கினேன்.
இடுப்பில் ஜவுளிக்கடைக் கவர்,
இரண்டு முடிச்சு,
உள்ளே கார்டு, பேங்க் புக்கு,
பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ்.
காலையில் என் பெண்டாட்டி கட்டிவிட்டது.

அஞ்சலாட்சி முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.
லூசாக இருக்கிறது என்று
மறுபடி இறுக்கிக் கட்டினாள்.
ஒன்றும் சொல்லாமல் மகனைக் கூப்பிட்டு
பிரிட்ஜைக் காட்டினாள்.

மைக் கையிலேயே இருந்தது.
கலிவரதன் வண்டியை
முதல் கியரில் நகர்த்தினான்.