வாடகை சேர் கூடாது

கல்பாலத்துத் தூணில் ஒட்டியிருந்தார்கள்:
ஞாயிறு மாலை, ஆற்று மணலில்,
வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டு வாருங்கள்.
வீட்டு ஆள் யாராவது உட்கார்ந்ததாக இருக்கவேண்டும்.
கீழே, தடித்த எழுத்தில்:
வாடகை சேர் கூடாது.

செல்லூரில் முப்பது வருஷமாக
வாடகைக்குச் சேர் விடுகிறவன் நான்.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சேர்தான்,
கழுவுகிற விதம்தான் வேறே.
சண்டை போடத்தான் போனேன்.

அமலி என்று ஒரு பெண். கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.
இது எல்லாரும் சேர்ந்து செய்கிற கலை அண்ணே, என்றாள்.
சரிம்மா, எண்ணிக்கை யார் பார்க்கிறது?
வாய் சும்மா இருந்தால்தானே.
நோட்டையும் சாக்பீசையும் என் கையில் திணித்துவிட்டாள்.

துளசிராம் சாயப்பட்டறை ஸ்டூலோடு வந்தார்,
நாலு காலிலும் நாலு வருஷத்து நிறம்.
சிக்கந்தர் தன் சலூன் நாற்காலியைத்
தட்டுவண்டியில் கட்டி இறக்கினார்.
அது சுற்றும், சாயும். பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டன.
ஒச்சம்மாவின் பிரம்பு நாற்காலியில் ஒரு பூனை.
நம்பர் போடும்போதும் இறங்கவில்லை.
ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர்
மரச்சேர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு
கைக்குட்டையால் ஏனோ துடைத்துவிட்டுப் போனார்.

குப்பை வண்டி பஞ்சவர்ணம் கொண்டுவந்தது
பெயிண்ட் வாளி.
கவிழ்த்துப் போட்டது.
எங்க வீட்டுல நாற்காலி கெடையாது.
வர்றவங்க நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிருவாங்க.
அவசியப்படல.
இதைச் சேர்க்கலாமா என்று நாலு பேர் கூடிப் பேசினார்கள்.
அவர்கள் பேசி முடிப்பதற்குள்
நான் எண்பத்தேழு என்று எழுதிவிட்டேன்.

நூற்றி நாற்பத்து மூன்றாவது
மெரூன் நிறம். வலது கைப்பிடியில்
சிகரெட் சுட்ட ஓட்டை. திருப்பினேன்.
முதுகில் யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள்,
இருந்தும் ஒரு 'சோ' மிச்சம்.
சோ.மு.
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா.
தத்தனேரி முத்திருளாண்டி
என் முகத்தைப் பார்க்காமல் சேரையே பார்த்துச் சொன்னார்:
எங்க அய்யா கடைசி எட்டு வருசமும்
இதுலதான்ணே இருந்தாரு. கட்டில்ல படுக்க மாட்டாரு,
மூச்சு முட்டும்.
எங்க வீட்டுச் சேருன்னு எழுதிக்கங்க.

எழுதினேன்.

அஞ்சரைக்கு அமலி கை தட்டினாள்.
இதுதான் விஷயமாம்:
அவரவர் நாற்காலியை விட்டு எழுந்து
அடுத்தவர் நாற்காலியில் ஒரு மணி நேரம்.
பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.
ஒரே தள்ளுமுள்ளு. பிறகு மணல் அடங்கியது.
யாரும் போகாதது ஸ்டேஷன் சேர் ஒன்றுதான்.
பஞ்சவர்ணம் சுற்றி ஒரு தடவை பார்த்தாள்,
போய் உட்கார்ந்தாள்,
செருப்பை உதறிக் கால்மேல் கால் போட்டாள்.
ஆடுதே, என்றாள் ஏட்டைப் பார்த்து,
ஒரு காலுக்கு அட்டை குடுங்க சார்.

முப்பது வருஷத்தில்
எந்த விசேஷ வீட்டிலும் நான் உட்கார்ந்ததில்லை.
இறக்குவேன், எண்ணுவேன், ஏற்றுவேன்.
அன்றைக்கு மிச்சம் இருந்தது எண்பத்தேழு.
வாளி தாழ்வு. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.
அங்கிருந்து பார்த்தால்
எல்லாருக்கும் பாதம்தான் முதலில் தெரிகிறது.
நூற்றி நாற்பத்து மூன்றில்
யார் வீட்டுப் பிள்ளையோ தூங்கிவிட்டது.

இருட்டியதும் நோட்டைக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
வாடகை சேர் ஏதும் வந்துச்சாண்ணே?
வரலம்மா.

பாலத்தின் மேல் முத்திருளாண்டியின் வண்டி போனது.
பின்னால் மனைவி தலையில் சேர்,
நாலு காலும் வானத்தைப் பார்க்க.
புத்தி தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தது:
நாளைக்கு அஞ்சு ரூபாய், எட்டு வருஷம்,
பதினாலாயிரத்து அறுநூறு.
லீப் வருஷம் ரெண்டு வரும்.
இன்னொரு பத்து.