காற்று என்னும் நெடுவரிசை

பரோயே தீவுகள், தோர்ஸ்ஹவ்ன் துறைமுகம், மூன்றாம் மாடி.
ஜன்னலில் மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.
குன்றில் காற்றாலை நடப்போகிறவர்கள் கேட்கிறார்கள்:
அந்தக் காலத்துக் குளிரில் அங்கே எவ்வளவு வீசியது?
மார்யுன் பழைய பேரேட்டைக் கணினியில் ஏற்றுகிறாள்.
கலங்கரை விளக்கத்தில் ஹானுஸ் என்றொருவன்
முப்பத்தொன்றாம் வருடம் எழுதி வைத்தது.
தேதி. அழுத்தம். காற்று.

காற்றுக்குக் கீழே
ஏழு. ஏழு. ஒன்பது.
பிறகு, 'கதவு திறக்கவில்லை.'
பிறகு ஒரு கோடு.
பிறகு, 'எட்டு இருக்கலாம்.'
பிறகு மையில் தோய்ந்த ஒரு கட்டைவிரல்.

அவளுடைய நிரல்மொழி கறார்ப் பேர்வழி.
என்ன ஊற்றப்போகிறாய் என்று முதலிலேயே சொல்,
அதற்கேற்ற பாத்திரம் தருகிறேன் என்கும்.
முழு எண் என்றால் முழு எண்தான்.
அரைச் சொட்டு அதிகம் போகாது.

முதல் நாள் ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள்.
எண் இல்லாத இடத்திலெல்லாம்
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
மாலையில் சராசரி எடுத்தால்
அந்தப் பிப்ரவரி முழுக்கக் காற்று
பூமிக்குள் வீசியிருந்தது.
வரைபடம் அதையும் கூசாமல் வரைந்து காட்டியது.

சரி, எல்லாம் எழுத்து என்றாள் அடுத்து.
இப்போது ஏழு என்பது ஏழு அல்ல, ஏழின் படம்.
வரிசையில் நிற்கச் சொன்னால்
இரண்டுக்கு முன்னால் வந்து நின்றது பத்து,
தலையில் இருக்கும் ஒன்றைக் காட்டி.

'எதையும் வாங்கிக்கொள்ளும் பெட்டி இருக்கே'
என்றான் பக்கத்து மேசை ரோயி,
காய்ந்த ஆட்டிறைச்சியை மென்றபடி.
போட்டாள். எல்லாம் போனது.
எடுக்கும்போதுதான் தெரிந்தது,
பெட்டிக்கு வாய் உண்டு, ஞாபகம் இல்லை.
எண்ணென்று நம்பி வெளியே இழுத்தது
இரவு இரண்டு மணிக்கு, ஆளில்லாத சர்வரில்,
'கதவு திறக்கவில்லை' என்று சொல்லிச் செத்துப்போனது.

வியாழக்கிழமை அவளே ஒரு வகையைச் செய்தாள்.
பதிவு என்று பெயர்.
பதிவென்றால் அளவாக இருக்கலாம், ஐயமுள்ள அளவாக இருக்கலாம்,
சொல்லாகலாம், வெறுமையாகவும் இருக்கலாம்.
ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.
எது என்று நெற்றியில் சீட்டு.
உயிருமில்லை மெய்யுமில்லை என்பதற்காக
மூன்று புள்ளியை அரிச்சுவடியிலிருந்து
யாரும் விரட்டவில்லையே, அதுமாதிரி.

கம்பைலர் விடவில்லை.
அளவுக்கு வழி சொன்னாய்,
சொல்லுக்கும் சொன்னாய்,
வெறுமை வந்தால் என்ன செய்வாய்?
சொல்லாதவரை ஓட மாட்டேன்.

எரிச்சலோடு எழுதினாள்:
கோடு வந்தால் இடைவெளி விடு. இரு பக்கத்தையும் இணைக்காதே.
ஐயம் வந்தால் உள்ளே நிரப்பாத வட்டம்.
சொல் வந்தால் அந்த நாளின் மேல் ஒரு சின்னக் கொடி,
தொட்டால் ஹானுஸ் பேசட்டும்.

ஓடியது.
ஓட்டை ஓட்டையாக, கொடி கொடியாக
ஒரு குளிர்காலம் திரையில் எழுந்து நின்றது.

மிச்சம் அந்தக் கட்டைவிரல்.
'வெறுமைன்னு போடு' என்றான் ரோயி.
அவள் தாளை விளக்கில் பிடித்தாள்.
மைக்கு அடியில் ஏதோ வளைவு.
எட்டின் தலையோ, மூன்றின் வயிறோ,
இல்லை ரேகையேதானோ.

அந்த வரியை விட்டுவிட்டு
மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.
வாசல் கதவு திறக்கவில்லை.
தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.
மறுபக்கத்திலிருந்து அதுவும் தள்ளியது.